புது வில்பட்டை போட்ட லாரியை ஓட்டாதே

மகனே,

முதலில் லாரியை நிறுத்து. மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம். நாளைக் காலை ஆள் எண்ணும் பெரட்டில் பேர் கொடுக்கிற ஆட்களை அதில் ஏற்றிப் பால்மரம் வெட்ட அனுப்பாதே. துரை கேட்டால், முன்சக்கரம் நேர்பார்க்க வேண்டும், ஒரு நாள் ஆகும் என்று சொல். ஒரு நாள் எல்லாரும் நடந்து போகட்டும். கத்துகிறவர்கள் கத்தட்டும். இதை எழுத உட்கார்ந்ததிலிருந்து மூன்று தடவை எழுந்து வாசல் வரை போய்விட்டு வந்தேன். கருவாட்டைப் புரட்டிப் போட்டேன், கடையில் வந்தவரிடம் தேவையில்லாமல் எரிந்து விழுந்தேன், மறுபடி வந்து உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு மணி பஸ்ஸில் பத்தாங் பெர்ஜுந்தாய் வரை போகிற ஆள் ஒருவர் இருக்கிறார். அங்கிருந்து உன் எஸ்டேட் இருக்கிற பத்தாங் காலிப் பக்கம் போகும் காய்கறி லாரியில் இதைச் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். தபாலை நம்பி உட்கார எனக்குப் பொறுமை இல்லை.

உன் கடிதம் நேற்றுச் சாயங்காலம் வந்தது. எஸ்டேட் ஆபீஸில் சின்னக் கிராணி ஆனதிலிருந்து ஸ்டோரும் லாரியும் உன் பொறுப்பு என்று எழுதியிருந்தாய். படித்துச் சந்தோஷப்பட்டேன். அதற்கு அடுத்த வரியைத்தான் விளக்கருகே கொண்டுபோய் மறுபடி படித்தேன். லாரிக்கு முன்பக்கம் சுமை தாங்குகிற வில்பட்டை புதுசு போட்டீர்கள், சக்கரம் திரும்புகிற கிங்பின் மாற்றினீர்கள், அதிலிருந்து வண்டி இடது பக்கம் இழுக்கிறது, "ஆனால் நீங்கள் செய்தது மாதிரியே சுமையை வலது பக்கம் மாற்றி வைத்தேன் அம்மா, இப்போது பரவாயில்லை" என்று எழுதியிருந்தாய். அதற்குக் கீழே இன்னொரு விஷயம். சவரிமுத்து என்று ஒருவர் டிரைவர் வேலை கேட்டு வந்தார், முற்றத்தில் நின்ற லாரியைப் பார்த்துவிட்டு, "இத இப்படி ஓட்டாதீங்க தம்பி" என்று உனக்குப் புத்தி சொன்னார், அவர் நம்முடைய பழைய டிரைவர்தானே, காட்டில் இருக்கிற கம்யூனிஸ்ட்காரர்களுக்குச் சாமான் போட்டுப் பிடிபட்டவர்தானே, திங்கட்கிழமை துரை கேட்கும்போது இவர் வேண்டாம் என்று சொல்லப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். ஒரே தாளில் இரண்டு தப்பு. இரண்டும் என்னிடமிருந்து நீ எடுத்துக்கொண்டு போனவை.

உனக்குத் தெரிந்த கதையையே முதலில் சொல்கிறேன், எங்கே நான் மாற்றினேன் என்று அப்போதுதான் தெரியும். உன் அப்பா ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்குப் போய்த் திரும்பவில்லை. ஜப்பான்காரன் போனதும் நான் குவாலா சிலாங்கூர் கரையில் கருவாடு வாங்கிக் கூடையில் சுமந்து எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லயம் லயமாக விற்றேன். பிறகு சைக்கிள், பிறகு அந்தப் பழைய வேன். எனக்கு ஓட்டத் தெரியாது, சவரிமுத்துவை வைத்தேன். என்னைவிட ஆறு வயது சின்னவர். "அக்கா" என்பார். மாதா கோயிலில் நமக்குப் பின் வரிசையில் பெண்டாட்டி பிலோமினாவோடும் இரண்டு பெண் பிள்ளைகளோடும் உட்காருவார். நீ அவரை மாமா என்றுதான் கூப்பிட்டாய். நான் வியாபாரத்தில் யாரையும் லேசில் நம்புகிறவள் இல்லை. அவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுத் தூங்கினேன்.

அவசரகாலம் வந்து, காட்டுக்காரர்களுக்குச் சோறு போகக் கூடாது என்று சட்டம் போட்டதும் சாப்பாட்டுச் சாமான் ஏற்றிப் போவது என்ன பாடு என்று உனக்குச் சொல்ல வேண்டாம், இன்னும் அந்தப் பாடுதான். எந்த வழி, எத்தனை மணிக்கு, எத்தனை மூட்டை, எல்லாம் பெர்மிட்டில் இருக்கும். சாவடியில் போலீஸ்காரர்கள் மூட்டைகளை எண்ணி, நடுவில் அடுக்கி, தார்ப்பாய் போர்த்திக் கயிறு கட்டுவார்கள். எஸ்டேட் கேட்டில்தான் அவிழ்க்க வேண்டும். வழியில் நிற்கக் கூடாது. அவிழ்த்தது தெரிந்தால் கேள்வி இல்லாமல் உள்ளே தூக்கிப் போடலாம்.

அந்தச் சமயத்தில்தான் எஸ்டேட் ரோட்டுக் குழியில் விழுந்து விழுந்து வேனின் முன் வில்பட்டை உடைந்தது. டவுனில் ஒரு சீன முதலாளித் தவுக்கேயின் பட்டறையில் விட்டேன். வில்பட்டை, கிங்பின், இரண்டு முன்சக்கரத்தையும் சேர்க்கிற டை ராட் முனை எல்லாம் புதுசாகப் போட்டார். மறுநாள் காலை வண்டியை எடுக்கப் போனால், "தா போலே அக்கா, முடியாது லா. இன்னும் கயிறு கட்டிச் சக்கரம் நேர் பாக்கல. சாயங்காலம் வா" என்றார். பத்து மணிக்கு என் பெர்மிட். அன்று விட்டால் அடுத்தது எப்போது கிடைக்கும் என்று தெரியாது, கருவாடு மழையில் ஈரம் பிடித்துக் கிடக்கிறது. "எல்லாம் புதுசுதானே, ஓடாதா?" என்றேன். "ஓடும். எங்க ஓடும்னுதான் தெரியாது" என்று சிரித்தார். பிறகு சிரிக்காமல், புது வில் சுமை ஏறி ஓடினால் அமுங்கும், அதன் கவ்விகள் தளரும், நாளையே கொண்டுவா, இறுக்கிவிட்டுச் சக்கரம் பார்த்துத் தருகிறேன் என்றார். சரி என்று சொல்லி எடுத்து வந்தேன். நாளை என்பது மூன்று வாரம் ஆனது. நான் சோம்பேறி இல்லை, உனக்கே தெரியும். ஓடுகிற வண்டியை ஒரு நாள் சும்மா நிறுத்துவது எனக்கு உடம்பில் ஊசி குத்துகிற மாதிரி. அவ்வளவுதான் காரணம், பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

முதல் நாளே சவரிமுத்து சொன்னார். "அக்கா, வண்டி இழுக்குதுக்கா. கைய எடுத்தா ஓடைக்குப் போவுது."

"கைய எடுக்காத."

"நா எடுக்க மாட்டேன். டயரு கேக்குமா?"

ஒரு வாரம் கழித்து என்னைக் கூப்பிட்டு என் உள்ளங்கையை முன் டயரில் வைத்துத் தேய்த்துக் காட்டினார். உள்ளேயிருந்து வெளியே தடவினால் வழுவழுவென்று போனது, வெளியிலிருந்து உள்ளே தடவினால் அரம் மாதிரி பிடித்தது. "ரெண்டு சக்கரமும் ஆளுக்கொரு பக்கம் பாக்குதுக்கா. ரோடு ராவுது" என்றார். நான் வியாபாரி. தராசில் ஒரு தட்டு தாழ்ந்தால் மறுதட்டில் கல் வைக்கிறவள். வண்டி இடது பக்கம் சாய்கிறது என்றால் வலது பக்கம் கனம் வைத்தால் சரியாகிவிடும் என்று எனக்குப் பட்டது. இழுப்பது வேறு, சாய்வது வேறு என்று என் தலையில் ஏறவில்லை. சாவடியில் நடுவில் அடுக்கித்தானே அனுப்புகிறார்கள்? அதனால் சாவடி தாண்டி, அசாம் ஜாவாவில் நம் கிடங்குக்குப் பின்னால் வண்டியை நிறுத்தி, கயிற்றை அவிழ்த்து, நாலு மூட்டையை வலது பக்கம் தள்ளி, மறுபடி கட்டினோம். போலீஸ்காரர் போட்ட முடிச்சை அப்படியே போட நான் கற்றுக்கொண்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. நீ பள்ளி லீவுக்குக் கிள்ளானிலிருந்து வந்திருந்தாய். ஒரு தடவை மூட்டையின் மறுமுனையை நீதான் பிடித்தாய். சவரிமுத்து, "இது தராசு இல்லக்கா, வண்டி" என்றதற்கு நீயும் நானும் சேர்ந்து சிரித்தோம். ஞாபகம் இருக்கிறதா? உனக்குச் சிரித்ததும் மூட்டையைத் தள்ளியதும் மட்டும் ஞாபகத்தில் தங்கிவிட்டது.

மூட்டையை மாற்றியதால் இழுப்பு நிற்கவில்லை. ஏற்கெனவே தேய்ந்த வலது முன் டயரில் நான் வைத்த கனமும் சேர்ந்தது. மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் பத்தாங் பெர்ஜுந்தாய் தாண்டி ரப்பர் மரம் ரோட்டை ஒட்டி நிற்கிற இடத்தில் அது வெடித்தது. அன்று நான் கூடப் போகவில்லை, கரையில் மீன் எடுக்க நின்றுவிட்டேன். வண்டி வலது பக்க ஓடையில் இறங்கிவிட்டது. ஜாக்கி வைத்துத் தூக்க வேண்டுமென்றால் சுமையை இறக்க வேண்டும். அந்த மனிதர் தார்ப்பாயை அவிழ்த்தார், மூட்டைகளை மர ஓரத்தில் இறக்கினார். ஒரு மூட்டை ஓடைத் தண்ணீரில் பிய்ந்து போயிருந்தது. அப்போது ரோந்துப் படை வந்தது. அவர்கள் கண்ணுக்கு என்ன தெரியும்? நிற்கக் கூடாத இடத்தில் சாப்பாட்டு வண்டி நிற்கிறது, கட்டு அவிழ்ந்திருக்கிறது, காட்டோரத்தில் மூட்டைகள் இருக்கின்றன, ஒன்று குறைகிறது. டயர் வெடித்தது என்று இவர் சொன்னார். மூன்று வாரம் முன்புதான் முன்பக்கம் எல்லாம் புதுசு போட்ட வண்டிக்கு டயர் ஏன் வெடிக்கிறது, நீயே குத்தியிருக்கிறாய் என்றார்கள். இவர் சொன்ன பதில் ஒன்றுதான். "எங்க அக்காவக் கேளுங்க. அவங்களுக்குத் தெரியும்."

கேட்டார்கள். மறுநாள் மத்தியானம் வெள்ளைக்கார அதிகாரி ஒருவரும் மொழிபெயர்க்க ஒரு தமிழரும் கடைக்கு வந்தார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள். நான் காப்பி கொடுத்தேன். "வண்டியில் ஏதாவது கோளாறு இருந்ததா? இழுத்ததா? டயர் தேய்ந்திருந்ததா?" இழுத்தது என்று சொன்னால் என்ன செய்தாய் என்று கேட்பார்கள். மூட்டையை மாற்றினேன் என்றால் கட்டை எங்கே அவிழ்த்தாய் என்பார்கள். பெர்மிட் அன்றோடு போகும், நானும் உள்ளே போவேன், கிள்ளானில் ஹாஸ்டலில் இருக்கிற நீ இங்கிலீஷ் பள்ளியை விட்டுவிட்டு லயத்தில் போய் நிற்பாய். இவ்வளவும் நான் காப்பிக்குச் சர்க்கரை போடுகிற நேரத்தில் யோசித்துவிட்டேன். என் புத்தி அவ்வளவு வேகம். "வண்டி நல்லாத்தாங்க இருந்துச்சு. முன்னால எல்லாமே புதுசு. ஏன் நிப்பாட்டுனார்னு எனக்குத் தெரியாதுங்க" என்றேன். மொழிபெயர்க்கிறவர் என்னை ஒரு தரம் பார்த்தார். "நெசமாத்தானாக்கா?" என்று மெதுவாகக் கேட்டார். அவர் அதைக் கேட்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை. எனக்கு இன்னொரு வாசல் திறந்துவிட்டார். "நெசமாத்தான்" என்றேன்.

சவரிமுத்துவைப் பதினொரு மாதம் உள்ளே வைத்திருந்தார்கள். வழக்கு இல்லை, தீர்ப்பு இல்லை. அடுத்த லீவுக்கு நீ வந்து, "மாமா எங்கேம்மா?" என்று கேட்டாய். அவன் காட்டுக்காரனுக்குச் சாமான் போட்டிருக்கிறான், நம்மையே ஏமாற்றிவிட்டான் என்றேன். நீ அழுதாய். போலீஸுக்குச் சொன்னதைப் பயத்தில் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளலாம். உனக்குச் சொன்னதற்கு அந்தச் சாக்கும் கிடையாது. உன் கண்ணில் நான் நல்லவளாக இருக்க வேண்டும் என்பதற்காக ஒருவரைக் கெட்டவராக்கினேன்.

பிலோமினா பிள்ளைகளோடு லயத்துக்குப் போய்ப் பால்மரம் வெட்டினாள். நான் அரிசியும் கருவாடும் கொடுத்தனுப்பினேன். திரும்பி வந்தது. பிறகு அவளே ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து என் முன்னால் வந்து நின்றாள். "கருவாடு வேணாங்க. நீங்க ஒரே ஒரு தடவ ஸ்டேஷனுக்குப் போயிட்டு வாங்க. நா கூட வரேன்" என்றாள். பார்க்கலாம் என்றேன். அதற்கப்புறம் நான் காலைப் பூசையை விட்டுவிட்டு மாலை ஜெபத்துக்குப் போக ஆரம்பித்தேன். கடை வேலை அதிகம் என்று நீ நினைத்துக்கொண்டாய்.

வேன் திரும்பி வந்ததும் அதே தவுக்கேயிடம் கொண்டுபோனேன். வெடிக்காமல் தப்பிய இடது டயரை அவர் தடவிப் பார்த்தார். வேலையைச் செய்தார். நான் கூடவே நின்று பார்த்தேன், அதை உனக்கு எழுதுகிறேன், நீயும் கூட நின்று பார். முதலில் வழக்கமான சுமையை ஏற்றச் சொன்னார், நடுவில் சமமாக. வெறும் வண்டியில் பார்த்தால் வில் வேறு மாதிரி நிற்கும். டயர்களில் காற்றைச் சமம் பண்ணினார். வண்டியைச் சமதரையில் பத்தடி முன்னால் தள்ளி நிறுத்தினார். பிறகு வில்லை அச்சோடு பிடிக்கிற கவ்விகளைப் பார்த்தார். இடது பக்கம் தளர்ந்து அச்சு ஒரு விரல் பின்வாங்கி உட்கார்ந்திருந்தது. அதுதான் இழுத்ததற்குக் காரணம். அதை ஏற்றி வைத்து இறுக்கினார். அதன் பிறகுதான் கயிறு. பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரம் வரை இரண்டு பக்கமும் கட்டி, ஸ்டீரிங் நடுவில் நிற்கிறதா என்று பார்த்தார். முன்சக்கரங்களைத் தூக்கிச் சுற்றவிட்டு டயர் நடுவில் சாக்பீஸால் கோடு போட்டார். இறக்கி, அந்த இரண்டு கோட்டுக்கும் நடுவே முன்னால் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு, கம்பு வைத்து எடுத்தார். முன்னால் ஒரு நூல், அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, குறைவாக இருக்க வேண்டுமாம். நம் வண்டியில் முன்னால் நாலு நூல் அதிகம். டை ராடைச் சுற்றிச் சுற்றி அதைக் கொண்டுவந்தார். நாலு மணி நேரம். தரையில் குந்தியிருந்தவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "அந்த டிரைவர் நல்ல டிரைவர் லா அக்கா. இப்படி வண்டிய மூணு வாரம் ரோட்டுல வச்சிருந்தான்" என்றார். உங்கள் லாரிக்கு அளவு வேறாக இருக்கலாம், தெரிந்தவரைக் கேள். ஆனால் சுமையை மாற்றி இழுப்பைச் சரிக்கட்ட முடியாது. முடியவே முடியாது. கனம் வைக்கிற பக்கத்து டயரைச் சாகடிப்பாய், அவ்வளவுதான். என் வேனில் இருந்தது கருவாடு. உன் லாரியில் இருப்பது ஆட்கள்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. இதை எழுத வேண்டாம் என்றுதான் கடைசியாக எழுந்து போனேன். விடுதலையாகி வந்த சவரிமுத்து ஒரு தடவை கடைக்கு வந்தார். இளைத்திருந்தார். உள்ளே வா என்றேன், வரவில்லை. "எனக்கு ஒண்ணும் வேணாங்கக்கா. ஒரு கடுதாசி குடுங்க. டயரு தேஞ்சிருந்துச்சு, வண்டி இழுத்துச்சு, அது மட்டும் எழுதுங்க. மூட்ட மாத்துனத நா எங்கயும் சொல்லல, சொல்லவும் மாட்டேன். வண்டி ஓட்டப் போற எடத்துலல்லாம் ஏன் உள்ள இருந்தனு கேக்குறானுங்க" என்றார். பார்த்தாயா? அங்கே அடைந்து கிடந்த அத்தனை நாளும் நான் கட்டை அவிழ்த்ததை அவர் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் என்னையும் பிடித்திருப்பார்கள், அவர் வெளியே வந்திருப்பார். நாளைக்கு வா, எழுதி வைக்கிறேன் என்றேன். மறுநாள் வந்தார். நான் கிள்ளானுக்குப் போய்விட்டதாகக் கடை ஆளை விட்டுச் சொல்லச் சொன்னேன். கருவாட்டு மூட்டைகளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அவர் "அக்கா வந்தா நா வந்துட்டுப் போனேன்னு சொல்லுங்க" என்று நல்ல சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சத்தம் கடை ஆளுக்கு இல்லை.

அதற்குப் பிறகு அவர் எந்தெந்த எஸ்டேட் வாசலில் நின்றாரோ தெரியாது. இப்போது உன் வாசலில் நிற்கிறார். நீ யாருடைய மகன் என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தும், லாரியைப் பார்த்ததும் ஆட்கள் ஏறுகிற வண்டி என்று உன்னை எச்சரித்திருக்கிறார். நீ அதற்குக் கோபப்பட்டிருக்கிறாய்.

உனக்கு வேறு புத்தி சொல்ல எனக்கு இன்று யோக்கியதை இல்லை. ஆனாலும் சொல்வேன், நான் அப்படித்தான். உனக்குக் கீழே வேலை செய்கிறவன் வண்டியைப் பற்றி ஒன்று சொன்னால் அன்றைக்கே கேள். உன் அவசரத்துக்கு அவன் விலை கொடுக்கும்படி வைக்காதே. பரிதாபப்பட்டு அவருக்கு வேலை கொடுக்காதே, அது அவருக்கு அவமானம். அவரை அந்த லாரியைக் கயிறு கட்டிப் பார்க்கச் சொல், ஓட்டிக் காட்டச் சொல். வேலை தெரிந்தவருக்கு வேலை, அவ்வளவுதான்.

இதோடு தனித்தாளில் ஒன்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். வண்டி இழுத்தது எனக்குத் தெரியும், டயர் தேய்ந்ததை அவர் எனக்குக் காட்டினார், நான்தான் ஓட்டச் சொன்னேன், சாவடிக் கட்டை அவிழ்த்து மூட்டையை மாற்றியது என் யோசனை, அதிகாரியிடம் நான் பொய் சொன்னேன். அவர் கேட்டதைவிட அதிகமாகவே எழுதியிருக்கிறேன். அது அவருக்கு. இந்தக் கடிதத்தையும் ஒளிக்க வேண்டாம், துரையோ பெரிய கிராணியோ கேட்டால் படித்துக் காட்டு. இதே வாசகத்தை இன்னொரு தாளில் எடுத்துக்கொண்டு நாளைக் காலை ஸ்டேஷனுக்கு நான் போகிறேன். பெர்மிட் போகும். அதற்கு மேலும் ஏதாவது வரலாம். கடை ஆளிடம் சொல்லிவிட்டேன், இருக்கிற சரக்கை இங்கேயே டவுனில் விற்றுவிடுவார். நீ லீவு போட்டுக்கொண்டு ஓடி வராதே. லாரியை நேர்பார்க்காமல் நீ அங்கிருந்து நகரக் கூடாது.

திங்கட்கிழமை துரை உன்னிடம் கேட்பார், இந்த ஆளைத் தெரியுமா என்று. தெரியும், எங்கள் வண்டியை ஓட்டியவர், அவர் உள்ளே போனது என் தாயார் சொன்ன பொய்யால் என்று சொல். இங்கிலீஷில் சொல், துரைக்கு விளங்கும்படி முழுசாகச் சொல். அந்த இங்கிலீஷை நீ படிக்க வேண்டும் என்றுதான் நான் அந்தப் பொய்யைச் சொன்னேன்.

அம்மா